7.1 மீட்டரை வெள்ளமாகப் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
நீர்மட்டக் கருவிப் பராமரிப்பாளர்,
கதவு எண் 14, பாலத்தடித் தெரு.

பெறுநர்:
செயற்பொறியாளர்,
வெள்ள எச்சரிக்கைப் பிரிவு.

பொருள்: கருவிக் கோளாறு என்று தள்ளப்பட்ட அளவை ஏற்பதும், அடுத்த மழைக்கு முன் உச்சவரம்பை நீக்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் 9ஆம் தேதி ஆற்றில் வெள்ளம் வரவில்லை என்ற தங்கள் கடிதம் கிடைத்தது. அன்றுதான் என் மனைவி எங்கள் வீட்டுக்குள் தண்ணீரில் மூழ்கி இறந்தாள். வராத வெள்ளத்தில் இது எப்படி நடந்தது என்று விளங்கிக்கொள்ளவே இம்மனு.

2. பாலத்தடிக் கருவி மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளக்கும். 6 மீட்டரைத் தொட்டால் சைரன் ஊதும். 6.5ஐத் தாண்டினால் மட்டும் கருவி பழுது என்று கொண்டு, அந்த அளவை ஒதுக்கிவிட்டு, தெருவிலும் அலுவலகத்திலும் உள்ள போர்டுகளில் முந்தைய அளவையே காட்டும். நாற்பது வருடப் பதிவேட்டில் தண்ணீர் 6.5ஐத் தாண்டியதே இல்லையாம். தங்கள் உத்தரவுப்படி இந்த வரம்பை அமைத்தவன் நான்தான்.

3. பழைய ஆறு மரியாதை தெரிந்தது. நாள் முழுக்க மெல்ல ஏறி, சைரனுக்கு அவகாசம் கொடுக்கும். இப்போது சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து வந்து, ஒரு மாத மழையை ஒரே காலையில் கொட்டிவிடுகிறது. இதைத் தங்கள் பயிற்சி வகுப்பில்தான் படித்தேன், சான்றிதழும் தந்தீர்கள். கருவியின் வரம்பை மட்டும் யாரும் தொடவில்லை, நான் உட்பட. அன்று பகல் ஒரு மணிக்கு 4.8. இரண்டு மணிக்கு 7.1. சைரன் ஊதவில்லை.

4. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மனைவி போன் செய்தாள். "தெருவுல தண்ணி வருதுங்க. தையல் மெஷினை மாடிக்கு ஏத்தட்டுமா?" என்றாள். அலுவலகத்தில் போர்டைப் பார்த்தேன். "நாலு புள்ளி எட்டுதாம்மா. நீ தூக்காதே, நான் வந்து தூக்கறேன்" என்றேன். "போர்டு சொன்னா சரிதான். வீட்டுக்காரர் பேச்சைத்தான் நம்ப முடியாது" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எங்கள் மாடிப்படி வெளியே இருக்கிறது. வாசற்கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியே இடுப்பளவு தண்ணீர் நின்றால் உள்ளிருந்து ஒருவரால் தள்ள முடியாது.

5. 7.1 என்ற "தவறான அளவு" குறித்து என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கருவியைக் கழற்றி டேப் வைத்துச் சோதித்தேன். ஒரு சென்டிமீட்டர் பிழை உள்ளது. அதற்காக வருந்துகிறேன்.

6. ஆகவே, 7.1ஐ வெள்ளமாகப் பதிவு செய்யவும், வரம்பைத் தாண்டும் அளவுக்கும் சைரன் ஊதும்படி மாற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். மாற்றப் பத்து நிமிடம் போதும். தங்கள் கையெழுத்து இல்லாமல் நான் அதைத் தொடக் கூடாது. அடுத்த பருவமழைக்கு மூன்று வாரமே இருக்கிறது. இத்தெருவில் இன்னும் இருபத்தாறு வீடுகளில் அந்தப் போர்டை நம்புகிறார்கள்.

7. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம். சுவரில் சேற்றுக்கோடு 2.10 மீட்டரில் நிற்கிறது, துடைக்கவில்லை. என் மனைவியின் உயரம் 1.56. கீழ்வீடு பூட்டியிருக்கும், மாடியில் கேட்கவும். தையல் மெஷினும் அங்கேதான் இருக்கிறது. சொன்னபடி நானே தூக்கி வைத்துவிட்டேன்.

தாங்கள் விளக்கம் கேட்ட
பராமரிப்பாளர்
(கையொப்பம்)

நாள்: இம்மாதம் 4ஆம் தேதி
இடம்: மேற்படி வீடு, மாடி