நீ சொன்ன ‘நம்ம ஊரு’

மரக்காணம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். போனில் பேசினால் சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உப்பு வாருகிற நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டு பாத்தியெல்லாம் கரைந்துவிட்டது, அப்பா தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், இதில் நீ கிளப்பிவிட்ட கூத்து வேறு. போன ஞாயிறு போனில், “நம்ம ஊர்ல இருந்து அந்தக் காலத்துல குடும்பம் குடும்பமா பிரேசிலுக்குக் கப்பல் ஏறிட்டாங்கம்மா, பஞ்சம் தாங்காம” என்று சொன்னாய் அல்லவா, நான் மரக்காணத்தைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துக் கோயில் வாசலில் எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டேன். நம் உப்பளத்தில் வேலை செய்யும் மலர்கொடி, “அப்ப எங்க வூட்டாளுங்களும் பிரேசில்ல இருப்பாங்களாக்கா” என்று கனவு காணவே தொடங்கிவிட்டாள். கடைசியில் அப்பாதான், “அடியே, அவ சொன்னது ஹுன்ஸ்ரூக்கை, ஜெர்மனில அவ இருக்கிற எடம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் சுருக்கென்றது. வாயில் நுழையாத பேர் வைத்த அந்த மலைச்சீமை உனக்கு நம்ம ஊராகிவிட்டது, உனக்கே தெரியாமல் வாயில் வந்திருக்கிறது.

கோபமில்லை. அதைப் பற்றி நீ அனுப்பிய மெசேஜை அப்பா முழுக்கப் படித்துக் காட்டினார். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்து நிலம் ஆளுக்கு ஒரு உப்புப் பாத்தி அளவு ஆகி, விளைச்சலும் பொய்த்துத்தான் அந்த ஜனங்கள் கிளம்பியிருக்கிறார்கள், பாவம். இருநூறு வருஷமாகியும் பிரேசிலில் அவர்கள் வம்சத்தார் அந்தப் பழைய பாஷையை வீட்டில் பேசுகிறார்களாமே, அப்புறம் நம் பாப்பா மட்டும் ஏன் அந்த ஊர்ப் பாட்டிகளைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ‘ஓமா’ என்கிறாள்? ஆயா என்று கூப்பிடச் சொல்லிக்கொடு.

அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டிருந்தாய். அப்பா சரி என்று சொல்லிவிட்டு மழையில் கரைந்த அளத்தைப் பார்க்கப் போய்விட்டார், அங்கே பார்க்க என்ன இருக்கிறது. நானும் சரி என்கிறேன், வாங்கிக்கொள். பெற்றவள் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் உனக்காக ஏங்குகிறேன், அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் பாண்டி பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலுக்கு வந்து பார்க்கிறேன்.

குளிரில் தலைக்கு எதுவும் கட்டாமல் வெளியே போகாதே, நைட் டியூட்டி முடிந்து வெறும் காபியோடு படுக்காதே. மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கப்பல் ஏறிப் போனவர்களைப் பற்றி அங்கே மியூசியம் இருக்கிறது என்றாயே, போகும்போது கேட்டுப் பார், பிள்ளைகளை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்ட அம்மாக்கள் எப்படி இருந்தார்களாம்? தெரிந்தால் எழுது, நானும் அப்படியே இருந்துகொள்கிறேன்.

உன் அம்மா
ஞானமேரி