எண்ணப்படாத மூன்று மாத்திரைகள்

அனுப்புநர்:
பதிவு எண் 417-இன் தங்கை
(பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில், தங்கள் பார்வைக்கு மட்டும்)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை

பொருள்: பழைய மாத்திரை பாட்டில் இல்லை என்று எச்.ஐ.வி. மருந்து மறுக்கப்பட்டது – எட்டு நாட்களாக மருந்தின்றி இருக்கும் என் அண்ணனுக்கு இன்றே வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. அண்ணன் லேத் பட்டறைத் தொழிலாளி. ஆறு பேர் தங்கும் அறையில் இருக்கிறார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது இந்த மருத்துவமனைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

2. தங்கள் மருத்துவர் ஒருமுறை தாளில் கோடு வரைந்து காட்டினார். தொற்றிய சில வாரங்களில் ஒரு காய்ச்சல், தொண்டை வலி. தானாகப் போய்விடும். பிறகு பல வருடங்கள் எதுவும் தெரியாது. கோடு மட்டும் இறங்கும். உடலின் எதிர்ப்பை முடுக்கிவிடும் சி.டி.4 வெள்ளணுக்களுக்குள் வைரஸ் புகுந்து, பெருகி, அவற்றை அழிக்கிறது. எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே போனால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும்.

அண்ணன் முதன்முதலில் இங்கே வந்தபோது நூற்று நாற்பது. காசநோய். வாயெல்லாம் வெள்ளைப் படலம். தண்ணீர் விழுங்கக் கண்ணை மூடிக்கொள்வார்.

3. இரண்டு வருட மருந்துக்குப் பின் நானூற்று அறுபது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

4. மாத்திரை பாட்டில் சத்தம் போடும். பையை எடுத்தால் குலுங்கும். பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் கிலுகிலுப்பை. "என்ன கிலுகிலுப்பை, பையில பொம்மையா? காட்டேன்பா" என்று ஒருவர் பையில் கைவிட்டார். அன்றே அண்ணன் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பாட்டிலில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு, பாட்டிலை வேறொரு தெருக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

5. எட்டாம் தேதி மருந்து வாங்க வந்தார். முப்பதில் இருபத்தேழு உட்கொண்டது போக மூன்று மீதம். காகிதத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தார். மாதாமாதம் பழைய பாட்டிலில் உள்ள மீதியை எண்ணிப் பார்த்தே புது மருந்து தரும் பணியாளர், அன்று எண்ணவில்லை.

"பாட்டில் எங்கய்யா?"

"தூக்கிப் போட்டுட்டேன் மேடம். சத்தம் வருது."

"நல்லா சொன்னீங்க போங்க. பாட்டில்ல இருந்தாதான் கணக்கு. இது எந்த மாத்திரைன்னு நான் எப்படி நம்புறது?"

பதிவேட்டில் 'ஒழுங்காக உட்கொள்ளவில்லை' என்று எழுதினார். ஆலோசகரைப் பார்த்த பிறகே மருந்து என்றார். ஆலோசகர் மாதக் கடைசி வரை விடுப்பு.

6. அந்த மூன்றும் பதினொன்றாம் தேதியோடு தீர்ந்தன. அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. நேற்று நானாகக் கேட்டேன். "விடும்மா, பத்து நாள்ல என்ன ஆயிடப்போகுது" என்றார். என்ன ஆகும் என்பதைத் தங்கள் மருத்துவரே சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் வைரஸ் மறுபடி ஏறும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் இதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

7. பணியாளரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அவர் விதியைப் பார்த்தார். பாட்டில் ஏன் இல்லை என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

ஆகவே, இன்றே ஒரு மாத மருந்து வழங்கவும், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பரிசோதிக்கவும், பதிவேட்டில் அந்த வரியைத் திருத்தவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். தங்கள் அறை வாசலில்தான் நிற்கிறேன். அண்ணன் கீழே, மருந்து வரிசையில். காலையிலிருந்து இருமுகிறார். பட்டறைத் தூசி என்கிறார். தூசியாகவே இருக்கட்டும்.

காத்திருக்கும்,
(கையொப்பம்)

நாள்: 19.11.2024, காலை 10.40
இடம்: மருத்துவமனை, முதல் மாடி நடைவழி