அவர் முடிக்கட்டும்

அண்ணே,

இன்று காலை வீட்டுக்குப் புது மின்விசிறி ஒன்று வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஸ்டார்ச் பசையும் பழுப்புக் காகிதமும் சேர்ந்து காய்ந்தால் வருமே, லேசாகப் புளித்த கஞ்சி வாடை, அதேதான். மனைவி மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் பாஸ் போட்டிருப்பீர்கள்.

"என்னங்க, பொட்டியப் போய்க் கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எதற்கும் வாய் முந்துகிற எனக்கு, நீங்கள் போன இந்த மூன்று மாதமாக அடிக்கடி இப்படி ஆகிறது.

கப்பலூரில் அந்த அட்டைப் பெட்டி ஆலையில் உங்களை வேலைக்கு எடுத்தது நான்தான் என்று ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். நான் சூப்பர்வைசர். நீங்கள் தரம் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தீர்கள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கை நினைத்த இடத்துக்குப் போகாது, ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். அப்பாவும் அம்மாவும் திருமங்கலம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை நீங்கள். இதெல்லாம் பிறகு மெல்லத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு எதையும் கேட்கப் பொறுமை இல்லை.

"ஸ்கூல் எங்க படிச்சீங்க?" என்றேன். "பசு..." என்று ஆரம்பித்தீர்கள். "பசுமலையா? சரி சரி." காலேஜில் என்ன பாடம் என்றேன். "கெமி..." என்றீர்கள். "கெமிஸ்ட்ரி. புரியுது, சிரமப்படாதீங்க." உங்களுக்கு உபகாரம் செய்வதாகவே நினைப்பு எனக்கு. நீங்கள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "எதுக்கு இந்த வேலைக்கு வரணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க... எதுக்கு வந்தீங்களோ... அதுக்குத்தான் சார்."

அதை மட்டும் என்னால் முந்திக்கொண்டு முடித்துவைக்க முடியவில்லை. அப்படி ஒரு பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் உங்களை அண்ணே என்றேன். நீங்கள் கடைசி வரைக்கும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டீர்கள். வேலையில் உங்களைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. விரல் நிலைகொள்ளாது என்பதால் அட்டையைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பீர்கள். ஆலையில் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அது ஒன்று சொல்லி நீங்கள் வேறு சொன்னால், நாங்கள் கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினோம்.

ஆனால் உங்களோடு பேசுவதற்கு யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் எதிரிலேயே இருப்பீர்கள், பையன்கள் என்னிடம் வந்து, "சார், அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்பார்கள். "வேணும். சீனி... கம்மி" என்று உங்களிடமிருந்து பதில் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று அப்போது கவனிக்கவில்லை.

நம் தமிழில் ஒரு சங்கடம் உண்டு அண்ணே. வேணும், வேணாம், முடியும், முடியாது எல்லாமே கடைசியில்தான் வருகிறது. ஆமாவா இல்லையா என்பது வாயை மூடுகிற நேரத்தில்தான் தெரியும். பாதியில் பிடுங்கி முடித்துவைக்கிறவன் எந்தப் பக்கமும் முடிக்கலாம். அவனுக்கு எது தோதோ அந்தப் பக்கம் முடிப்பான். இது எனக்கு எப்போது தெரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குக் காலையில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. பிஸ்கட் கம்பெனி லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி கரண்ட் வந்ததும் நான் பசை மெஷினின் பச்சைப் பட்டனுக்கு ஓடினேன். மெஷின் அருகே ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் வாயால் சொன்ன பிறகுதான் அதை ஓட்ட வேண்டும் என்பது ஆலையின் விதி. காகித ரீலுக்கு அந்தப் பக்கம், உருளைகளில் காய்ந்துபோன பசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் செல்வி. நான் நின்ற இடத்திலிருந்து அவள் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது.

"ஓட்டலாமாண்ணே?" என்று கத்தினேன்.

உங்கள் முகம் கோணியது, கழுத்து இழுத்தது. "ஓட்ட..." என்றீர்கள்.

"சரி, ஓட்டலாம்" என்று நானே சொல்லிப் பட்டனை அமுக்கினேன்.

செல்வியின் அலறல் கேட்டது. அடுத்த நொடியே மெஷின் நின்றது. ஸ்டூலிலிருந்து அப்படியே சாய்ந்து விழுந்து, முழங்கையால் சிவப்புப் பட்டனை இடித்து நிறுத்தியிருந்தீர்கள். துணி உருளைக்குள் போயிருந்தது, அதோடு அவள் கை மணிக்கட்டு வரைக்கும். எலும்பு முறிந்ததோடு தப்பித்தாள். இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் கையே இருந்திருக்காது.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்தபோது முதலாளி போனில் வந்தார். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"அவர் ஓட்டலாம்னு சொன்னார் சார்" என்றேன்.

மூன்றடி தள்ளி நீங்கள் தரையில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டீர்கள், என்னை நிமிர்ந்தும் பார்த்தீர்கள். பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை அண்ணே. போனைக் காதில் வைக்கும்போதே எனக்குத் தெரியும், நான் கேட்டது 'ஓட்ட' மட்டும்தான் என்று.

நான்கு மணிக்கு முதலாளி நம் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் தயாராக டைப் அடித்து இருந்தது. உடல்நிலை காரணமாக நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன் என்று உங்கள் பெயரில். பக்கத்தில் மைப்பெட்டி திறந்திருந்தது.

"பேச்சு வராத ஆள வச்சா இப்படித்தான் ஆகும்னு அன்னைக்கே சொன்னேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உங்களைப் பார்க்கவில்லை. பிறகு தாளை நகர்த்தினார். "இவன் எங்க கையெழுத்துப் போடப் போறான். கையப் பிடிச்சுக் கைநாட்டு வாங்கிரு."

பட்டம் வாங்கிய மனிதரிடம் கைநாட்டு. எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் என் கை நீண்டது. உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன் அண்ணே. உங்கள் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினேன். உங்கள் கை கட்டையாக விறைத்திருந்தது. அதற்குள் என் மகளின் படிப்பு, என் வேலை, ஆரப்பாளையத்தில் இருக்கும் வீட்டு வாடகை எல்லாம் மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது. நீங்கள் போனால் நான் இருக்கலாம். அம்புட்டுதான் கணக்கு.

அப்போது நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். "நான்... ஓட்ட..."

"அதான் ஓட்டலாம்னு சொல்லிட்டியே, அப்புறம் என்ன?" என்றார் முதலாளி. உங்கள் தலை மேலும் கீழும் ஆடியது. பேச முயலும்போதெல்லாம் அது அப்படித்தான் ஆடும், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. "பாரு, அவனே தலையாட்டுறான்" என்றார்.

என் பிடியில் உங்கள் விரல் தாளுக்கு ஓர் அங்குல உயரத்தில் இருந்தது. நீங்கள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. இவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்கிற பார்வை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. எவ்வளவாக இருந்தாலும் அது அதிகம்.

கையை விட்டேன். "சார், அவர் முடிக்கட்டும்" என்றேன்.

"என்னத்த முடிக்க?"

"அவர் சொல்ல வந்தத."

நெடுஞ்சாலையில் லாரிகள் போவது கேட்டது. உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்து மூடியது, துண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று என் கை பரபரத்தது. கட்டிப்போட்ட மாதிரி நின்றேன். முதலாளி இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் நான் கையைக் காட்டினேன். முதலாளிக்குக் கையைக் காட்டி நிறுத்தும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"நான்... ஓட்டக்கூடாதுன்னு... சொல்ல வந்தேன். செல்வி... கை உள்ள இருந்துச்சு. இவர்... என்னைய... முடிக்க விடல."

என்னைக் காப்பாற்றும்படி ஏதாவது சொல்வீர்கள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. நீங்கள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

முதலாளி என்னைப் பார்த்தார். "ஆமா சார். நாந்தான். அவர் இடிச்சு நிறுத்தலேன்னா செல்விக்குக் கை இல்ல" என்றேன். அவர் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். என்னை அன்றே கிடங்குக்கு மாற்றினார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பு என்கிற பேச்சே அந்த அறையில் எழவில்லை.

ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். உங்கள் விரலில் மை இருந்தது, என் விரல்களிலும். "அண்ணே, நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு எனக்கு வரவில்லை. நீங்கள் பொறுமையாகக் காத்திருந்தீர்கள். முடித்துவைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முடித்துவைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், எனக்கு அதைச் செய்யவில்லை. கடைசியில், "பஸ்... வருது சார்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி என்னைப் பழைய வேலைக்குப் போட்டபோது, முதல் வேலையாக உங்களிடம் வந்தேன். "இந்த மெஷினுக்கு என்ன செய்யலாம்ணே, நீங்க சொல்லுங்க" என்றேன். சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் முழங்கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு சுவிட்ச். நீங்கள் அதை அமுக்கினால்தான் என் பச்சைப் பட்டன் வேலை செய்யும். எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. "இத ஏண்ணே முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"நீங்க... கேக்கவே இல்லயே."

செல்வி கட்டுப் பிரித்து வந்ததும் முதலில் உங்களிடம்தான் வந்தாள். "அண்ணே, டீ வேணுமா?" என்று நேராக உங்களையே கேட்டுவிட்டு நின்றாள். அதன் பிறகு பையன்களும் அப்படியே கேட்கப் பழகினார்கள். நீங்கள் பேசும்போது மெஷின் சத்தத்தில் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். நல்லவர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பழக்கம்தான். எனக்கும் பழக்கம்தான். என் மனைவி ஒருநாள், "இப்பல்லாம் நான் பேசுறத என்னையவே பேச விடுறீங்க, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டாள்.

எட்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் மாலைப் பார்வை நேரத்தில் வந்தேன். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க். அண்ணி என்னை உங்கள் அருகே உட்காரச் சொல்லி எழுந்து நின்றார். நீங்கள் மாஸ்க்கைத் தள்ளிவிட்டீர்கள். நர்ஸ் வந்து மாட்டினார். மறுபடி தள்ளினீர்கள். ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நான் குனிந்தேன்.

"அன்னைக்கு... நடந்தத..."

காத்திருந்தேன். "பேசக்கூடாதுய்யா, மூச்சு வாங்குது பாருங்க" என்றார் நர்ஸ். "ஒரு நிமிசம்மா, அவர் முடிக்கட்டும்" என்று கெஞ்சினேன்.

"அத நான்... மனசுல... வச்சு..."

இருமல் வந்துவிட்டது. நர்ஸ் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார். "நாளைக்கு வாரேன்ணே, மெதுவாச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் விடிந்ததும் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

காரியம் முடிந்த அன்று அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வச்சுக்கலன்னுதான் சொல்ல வந்திருப்பாக. அவுக மனசு எனக்குத் தெரியாதா" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 'வச்சுக்கல' என்றும் முடியலாம், 'வச்சுருக்கேன்' என்றும் முடியலாம். எட்டு வருடம் என்னோடு ஒரே மெஷினில் நின்று, ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்காத மனிதர் நீங்கள். இரண்டுக்கும் உங்களிடம் நியாயம் உண்டு.

அண்ணி சொன்னதை வாங்கிக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆசையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் பேச்சை ஒருமுறை எனக்குத் தோதான பக்கம் முடித்துவைத்தவன் நான். இதை முடிக்க மாட்டேன் அண்ணே. 'வச்சு' என்பது வரைக்கும்தான் நீங்கள் சொன்னீர்கள். என்னிடம் இருப்பதும் அதுவரைக்கும்தான்.