கேந்தி முளைச்ச கடைசிப் பாத்தி

போடி
கார்த்திகை 20, 1958

அன்பு மகன் சுந்தரராஜுக்கு அய்யா எழுதுறது. இங்கே நானும் உன் ஆத்தாளும் சுகம், மலையில நாம போட்ட ஏலக்காய் நாத்துக்குத்தான் சுகமில்லை. நாத்தங்கால் போச்சு, படிப்பை நிறுத்திட்டுப் பெட்டியோட பஸ்சு ஏறி வந்து எனக்கு ஒத்தாசையா இருன்னு போன வாரம் ஒரு கடுதாசி போட்டேனே, அதை ஓரமா வச்சுட்டு இதைப் படி.

வேரைத் தின்கிற புழு கண்ணுக்குத் தெரியாது, கேந்திச் செடியோட வேர்ல இருந்து கசியுற சாறு அதைக் கொல்லும்னு ஆடி மாசம் நீ எழுதியிருந்தே. கண்ணுக்குத் தெரியாத புழுவைக் காட்டுறதுக்குத்தான் கோயமுத்தூர்ல காலேஜ் கட்டியிருக்கான்னு டீக்கடையில சொல்லிச் சிரிச்சேன். ஆனாலும் பெத்த பிள்ளை சொல்லுதேன்னு, கோயில்ல சாமிக்குச் சாத்திக் கழிச்ச கேந்தி மாலை ஒரு சாக்கு வாங்கிப் போய்க் கடைசிப் பாத்தியில உதிர்த்துப் போட்டேன். கேந்தின்னா எனக்குப் பூதான், வேர்னு நீ எழுதினது கண்ணுல படவே இல்லை. சாமி மாலையைக் கால் படுற இடத்துல போடலாமான்னு உன் ஆத்தா மூணு நாள் என்கூடப் பேசலை, வீடு நிம்மதியா இருந்துச்சு. களையெடுக்க வந்த ராக்கும் அவ கூட்டாளிகளும் அந்தப் பாத்தியில மட்டும் கால் வைக்க மாட்டோம்னுட்டாங்க. காஞ்ச பூவுல இருந்த விதையெல்லாம் முளைச்சு, நாத்துக்கு நடுவுல கேந்தி காடா நின்னுச்சு. இதுதான் என் மகன் படிப்புன்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டினேன்.

முந்தாநாள் எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கத்தான் போனேன். மத்த பாத்தி நாத்தெல்லாம் மஞ்சளடிச்சு, வேர் முடிச்சு முடிச்சா இருந்துச்சு. கேந்திக்கு நடுவுல பிடுங்கினதுல ஒரு முடிச்சு இல்லை, வெள்ளை வேர். பத்து நாத்து பிடுங்கிப் பார்த்தேன், பதினோராவதைப் பிடுங்க மனசு வரலை. ராக்கு சாமி காப்பாத்திருச்சுங்கிறா, உன் ஆத்தா தன் வேண்டுதல்ங்கிறா. உன் பேரை யாரும் சொல்லலை, நானும் சொல்லலை. வீட்டுக்கு வந்து உன் பழைய கடுதாசியைத் தேடி எடுத்தேன். வேர்னு மூணு இடத்துல எழுதி அடியில கோடும் போட்டிருக்கே. வெட்கமாப் போச்சு அப்பு.

அதனால நீ வர வேண்டாம், படிச்சு முடி. எத்தனை அடிக்கு ஒரு கேந்தி நடணும்னு வெரசா எழுது, இந்தத் தடவை முழுசாப் படிக்கிறேன். நீ வர்றேன்னு உன் ஆத்தா சுட்ட முறுக்கைப் பார்சல்ல அனுப்புறேன். பெட்டியைக் கட்டியிருந்தா பிரிச்சுடு. சின்ன வயசுல இருந்து நான் சொன்ன சொல்லை நீ தட்டினதே இல்லை, இந்த ஒரு தடவை தட்டியிருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுத்தான் இதைத் தபால்ல போடுறேன். நல்லா இரு.

உன் அய்யா
ஒச்சப்பன்