லாரி போன நாலு நொடி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் என் எலக்ட்ரிகல் கடையில் ஒயர் சுருள்கள் வந்து இறங்கின. பில் போடும் பெண் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தாள். அந்தப் பழைய படத்துக் காதல் பாட்டுதான். இப்போது யாரோ சின்னப் பெண் வெறும் கிடாரோடு பாடியிருக்கிறாள். இரண்டாவது சரணத்தின் நடுவில் எல்லாம் நின்றது. குரலும் இல்லை, கிடாரும் இல்லை. நாலு நொடி கழித்துத் தொடர்ந்தது.

"அந்த இடம் இருக்கே சார், உயிரே போயிடும்" என்றாள்.

படத்தில் அந்த இடமே கிடையாது. அது நான் போட்ட கேசட்டில் மட்டும் இருந்தது.

சுவிட்ச் பெட்டிகளை வேறு கடைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். இந்த மாதிரி நான் செய்ததே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்தப் பாட்டின் கதையை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் செய்கிறாளாம். இசையமைப்பாளர் முதலில் அதைச் சோப்பு விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார். சோப்புக்காரன் வேண்டாம் என்றதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, காதல் பாட்டு என்று படத்தில் தள்ளிவிட்டார். போகாத சரக்கைத் தூசி தட்டி வேறு அலமாரியில் வைப்பது எங்கள் தொழில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

படம் ஒன்பது நாள் ஓடியது. பாட்டு மட்டும் தப்பித்தது. பிறகு என் கேசட், கல்யாண பேண்டு, ஹோட்டல் லிப்டில் புல்லாங்குழல், இப்போது கிடார். சரக்கு ஒன்று, பொட்டலம் பல.

"யாரும் படத்துலேர்ந்து எடுக்கல சார். எல்லாம் உங்க கேசட்டக் கேட்டு எடுத்தது. அந்த மௌனத்துல தெரிஞ்சிடுது" என்றாள். அதைக் 'காதலின் மூச்சு' என்று ஒருவர் எழுதியிருக்கிறாராம். மூச்சாவது ஒன்றாவது. வெளியே தண்ணீர் லாரி போனது, அவ்வளவுதான்.

பாடிய கச்சேரிப் பாடகியைக் கண்டுபிடித்துவிட்டாளாம். அடுத்த வெள்ளி அந்த அம்மாவோடு நானும் நிலையத்துக்கு வர வேண்டுமாம். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பாடியது என் தங்கை.

மார்ச் 8

உட்கார முடியவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

அப்போது நான் கேசட் வியாபாரி. படப் பாட்டுகளை வேறு குரலில் பாடவைத்து, மலிவாக விற்பேன். சுவரெல்லாம் மெத்தை சாத்திய ஒரு அறை. பத்துப் பாட்டில் ஒன்பதை அந்த அம்மா பாடினார். பத்தாவதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையிடம், "பாடுறியா?" என்றேன். அவளுக்குப் பத்தொன்பது வயது.

பாதியில் லாரி வந்தது. நிறுத்தினாள். அவளைப் பார்த்து எல்லோரும் நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும், விட்ட இடத்தில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டாள். மெத்தையைத் தாண்டி டேப்பில் லாரிச் சத்தம் ஏறவில்லை, இன்னொரு தடவை எடுத்தால் டேப் வீண். அப்படியே விட்டேன்.

உறையில் கதாநாயகன் படம் இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. "என் பேர் எங்கண்ணா?" என்று கேட்டாள். அடுத்த பதிப்பில் என்றேன். அடுத்து மூன்று பதிப்பு வந்தது. கேட்பதை விட்டாள், பாடுவதையும் விட்டாள். பெயர் போடாததற்கு, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று ஊருக்குக் காரணம் சொன்னேன். உண்மை வேறு. படத்தில் பாடிய பெரிய பாடகிதான் என்று நம்பி வாங்குகிறவனை நான் ஏன் எழுப்பிவிட வேண்டும்?

பத்து வருடம் முன்பு வியாபாரிகள் சங்க மலரில் கேட்டபோதும், "எல்லாம் ஒரு கச்சேரி அம்மாதான்" என்று சொல்லிவைத்தேன். வானொலிப் பெண் அதைப் பிடித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஒன்பதோடு ஒன்று தானாகச் சேர்ந்துகொண்டது.

மார்ச் 9

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "என்கிட்ட எதுக்கு வர்றீங்க? போக வேண்டிய வீடு எதுன்னு தெரியாதா?" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து மணி நேர ரயில். தங்கை கண் மருத்துவமனையில் பதிவு மேசையில் இருக்கிறாள். வரிசையில் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "டோக்கன் எடுத்தியா?" என்றாள்.

கேண்டீனில் டீ வாங்கினாள். எல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். பெயரை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், வயதானவர் என்றாள். பிறகு கேட்டாள்:

"ஒன்னு மட்டும் சொல்லுண்ணா. நான் நிறுத்தின இடத்த நீ வெட்டாம விட்ட. நல்லா இருக்குன்னுதானே விட்ட?"

ஆமாம் என்றிருக்கலாம். இதைவிடப் பெரிய பொய்யைச் சிரித்துக்கொண்டே விற்றவன் நான்.

"டேப்ப மிச்சம் பிடிச்சேம்மா."

டம்ளரை ஒரு சுற்று சுழற்றினாள். "முப்பத்து மூணு வருஷமா அத ஒரு பாராட்டுன்னு வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 12

சொல்ல வேண்டியதை இத்தனை வருடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருக்க வேண்டியதை மட்டும் ஒரு மூச்சில்— என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 14, வெள்ளி

நிலையம். கச்சேரி அம்மா கைத்தடியோடு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். மைக் முன்னால் தங்கையின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், வேலை பார்க்கும் இடத்தையும். பெயர் போடாதது யார் என்றும் சொன்னேன். வானொலிப் பெண் மௌனத்தைப் பற்றிக் கேட்டாள். லாரி என்றேன். அவள் முகம் பல்பு பியூஸ் போன மாதிரி ஆனது.

அந்த அம்மா மறுக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதாம். மேடையில் அதையே பாடிப் பாடி எப்போதோ தன்னுடையதாகிவிட்டதாம். ஒலிப்பதிவு முடிந்த பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மத்த ஒம்பதையும் யாருமே கேக்கலயா?"

வானொலிப் பெண்ணிடம் வாதாடி, அந்த ஒன்பதில் ஒன்றை நிகழ்ச்சியில் போட வைத்தேன். அதுவரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நிகழ்ச்சி வந்தது. தங்கை பெயர் இரண்டு முறை. அவளிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 29

இன்றும் இல்லை. யாரிடமோ எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கை கைப்பேசியில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறாள். அவள் குரல், வேறு பாட்டு. கூடவே, 'உள்ளதச் சொல்லு' என்று ஒரு வரி.

மூன்று தடவை கேட்டேன். 'ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்குது. மத்தபடி நல்லா இருக்கு' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: 'எந்த மத்தபடி?'

கடைக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டு, நன்றாக இருந்த இடங்களை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். ஐந்து இடம் இருந்தது. ஐந்துதான்.