முத்துலட்சுமியைப் பஸ் ஏற்றிவிட்டது

தென்காசி,
ஆடி இரண்டாம் வெள்ளி.

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்தை நீ அப்பாவிடம் மட்டும் ஃபோனில் சொல்கிறாய், அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொள்கிறேன். என் ஃபோனைத்தான் எடுப்பதில்லையே, அதனால்தான் கடிதம். பெங்களூரில் தபால்காரருக்கு நீ கதவைத் திறப்பாயோ, உதவிக்கென்று நீ சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற முத்துலட்சுமி திறப்பாளோ தெரியாது. அவளே வாங்கினாலும் பிரிக்காமல் உன் கையில் தரச் சொல்.

இந்த வருஷம் சாரல் நல்ல சாரல். அப்பா பழக்கதோஷத்தில் இன்னமும் விடிந்ததும் ஐந்தருவிக்கு வண்டியில் போய்க் கேனில் தண்ணீர் பிடித்து வருகிறார். குளிப்பாட்டப் பிள்ளை இல்லை, செம்பருத்திக்கு ஊற்றுகிறேன். உனக்கு நடக்க வராது, பாறை வழுக்கும், கூட்டம் நெரிக்கும் என்று பயந்து இருபத்தேழு வருஷம் அந்தத் தண்ணீரைச் சுடவைத்துத்தானே உன் தலையில் ஊற்றினேன். எம்பிள்ளைக்கு அருவியே வீட்டுக்கு வருது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். போன மாதம் நீ முத்துலட்சுமியோடு வந்து இறங்கி, சும்மா வெளியே போயிட்டு வாரோம் என்று ஆட்டோவில் போய், ஈரத் தலையோடு திரும்பினாய். நீ வழி சொல்லச் சொல்ல குளிக்க வந்த நாலு பொம்பளைகள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய் அருவிக்குக் கீழே உட்கார வைத்தார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்கு வயிறு எரிந்தது. பயத்தில் இல்லை உமா, பொறாமையில்தான். பெற்றவளுக்கு என்ன பொறாமை என்று கேட்பாய். பெற்றவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

அவள் வேலை செய்கிற லட்சணமும் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தானோடு நீ கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறாய், அவள் மரம்போல நிற்கிறாள். எனக்குக் கை பரபரத்து ஓடி வந்தால், அக்கா கேக்கட்டும்மா, கேட்டாத்தான் நான் செய்வேன் என்கிறாள். என் மகளைப் பற்றி எனக்கே பாடம்! அந்த எரிச்சலில்தான் மறுநாள் காலை நீ எழுவதற்குள், அக்காதான் உன்னை நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வரச் சொன்னா என்று அவளிடம் கூசாமல் பொய் சொல்லி, தூக்குச்சட்டியில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்து, அவள் ஊரான புளியங்குடிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நீ எழுந்து அவளைத் தேடினாய். நான் இருக்கேன்லா என்று சீப்போடு வந்தேன். நீ கத்தவில்லை. நீ அவள அனுப்பலம்மா, எங் கைய அனுப்பிட்டே என்று மட்டும் சொன்னாய். ஃபோன் போட்டு அவளைத் திரும்ப வரவழைத்து, இரண்டு நாள் முந்தியே சாயங்கால ரயிலில் கிளம்பிவிட்டாய். நான் வாசலுக்குக்கூட வரவில்லை, வீம்பு.

நீ போன வாரமே என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கக்கூடாதாம். அப்பாதான் எனக்குத் தலை சீவிவிடுகிறார். எண்ணெயைக் கழுத்தில் வழியவிட்டு, இறுக்கி இழுத்து, நடு மண்டையில் கொண்டை போடுகிறார். கொஞ்சம் கீழ போடுங்க என்றால், சும்மா இரிட்டி, எல்லாம் எனக்குத் தெரியும் என்கிறார். அது என் வசனம். உன்னிடம் நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதேன், வலியில் அழுகிறேன் என்று அவர் தைலம் எடுக்க ஓடினார். இருபத்தேழு வருஷமும் உனக்கு நேர் வகிடுதான் எடுத்தேன். நீ பெங்களூர் போனதும் கோண வகிடு எடுத்தாய், அவள் கெடுத்துவிட்டாள் என்று திட்டினேன். உனக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இவ்வளவு எழுதியதால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படியேதான் இருக்கிறது. முதன்முதலாக அருவி தலையில் விழுந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அது எப்படி ஆறும்? சாரல் முடிவதற்குள் இன்னொரு தடவை வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் அருவிக்கரையில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ கூப்பிட்டால் மட்டும் கிட்டே வருவேன். ஒரு தடவையாவது கூப்பிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, உன் சக்கர நாற்காலி பேட்டரியைப் பார்த்துக்கொள். விசுவநாதரும் உலகம்மையும் உனக்குத் துணை இருப்பார்கள், தீர்க்காயுசாக இரு. என் தூக்குச்சட்டி முத்துலட்சுமியிடம்தான் இருக்கிறது. பார்சலில் அனுப்ப வேண்டாம், அவளே நேரில் கொண்டுவந்து தரட்டும்.

கேட்டால் மட்டும் செய்யப் பழகுகிற
உன் அம்மா,
வ. இராமலட்சுமி