தம்பி ஜன்னலில் விழுந்த வெளிச்சம்

மாசி 9, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல்தான் வெயில். பிலிம் வந்துவிட்டது, அட்டைக் குழாய்க்குள் சுருட்டி. தடவினால் சன்னமாக வரி வரியாகத் தட்டுகிறது. சோலார் பேனலில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சந்து. அங்கே விழுகிற வெயில் வீண். மேலே இதை ஒட்டினால் அந்த வெயிலையும் செல் பக்கம் திருப்பிவிடும். சின்னப் பேனலே போதும், செலவு மிச்சம். சொன்னால் கடைக்காரன் சிரிக்கிறான். "பெரியவரே, பேசாம புதுப் பேனலா வாங்கிக்கினு போங்க." ஆயுசெல்லாம் மோட்டார் காயில் கட்டினவனிடம்! யார் சொல்லிக் கொடுத்து நான் கற்றேன்?

மாடியில் இருக்கிற பேனலில் ஒட்டியாயிற்று. ஒரு குமிழி இல்லை. தனியாகவே.

மதியம் ரசம். நேற்று வைத்தது.

மாசி 10, செவ்வாய்

மீட்டர் ஏறியது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

மதியம் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் சத்தம். என் தம்பி குமரேசன். அந்த அறையில்தான் அவன் தறி.

"யோவ் ஏகாம்பரம்! சினிமா கொட்டாய் நடத்துறியா? என் தறி மேல படம் ஓட்டிக்கினு இருக்கற! அரக்கு பார்டர் வெள்ளையா தெரியுதுய்யா!"

அப்பாவின் வீட்டை நடுவில் சுவர் வைத்து நாங்கள் பிரித்துக்கொண்டதிலிருந்து அவன் என்னிடம் பேசியதில்லை. நானும்தான். சுவர் என் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்திருக்கிறது. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

"ஜன்னலைச் சாத்திக்கோ" என்றேன்.

"காத்து உங்கப்பனா குடுப்பான்?"

"உனக்கும் அவர்தான்டா அப்பன்."

ராத்திரி சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது.

மாசி 11, புதன்

காரணம் பிடிபட்டது. சூரியன் போகிற கிழக்கு மேற்கு வாட்டத்திலேயே வரிகளும் ஓடவேண்டும். நான் குறுக்கே ஒட்டிவிட்டேன். செல்லுக்குப் போகவேண்டிய வெளிச்சம் பக்கவாட்டில் தப்பி அவன் ஜன்னலுக்குப் போகிறது. உரித்துத் திருப்பி ஒட்டினால் தீர்ந்தது. அரை நாள் வேலை.

செய்யவில்லை.

மதியம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வந்தான்.

"சூரியனையே விலைக்கு வாங்கிட்டியா?"

"ஆமாம். பட்டா என் பேர்ல."

நன்றாகத் திட்டினான். முன்பல் இல்லை அவனுக்கு. எப்போது விழுந்ததோ.

மாசி 12, வியாழன்

மேகம். ஜன்னல் சும்மா இருந்தது.

வாங்க: தீப்பெட்டி, மோர் மிளகாய், தலைவலித் தைலம்.

ஓசூரிலிருந்து பையன் போன் செய்யவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாசி 13, வெள்ளி

தம்பி பெண்டாட்டி கமலா வாசலில். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"மாமா, கண் ஆபரேஷன் முடிஞ்சி இப்பத்தான் தறியில உக்கார்றாரு. அந்த வெளிச்சம் பட்டா தண்ணியா ஊத்துது. இழை அறுந்தாகூட தெரியலன்றாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான்தான் மனசு கேக்காம வந்தேன்."

ஆபரேஷன் எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு சுவர்தான். ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போனார்களோ. கேட்கவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் போனதுமே மாடிக்குப் போய் உரிக்க ஆரம்பித்தேன்.

மாசி 14, சனி

திருப்பி ஒட்டி முடித்தேன். ஓரத்தில் சின்னக் கிழிசல், பரவாயில்லை. மீட்டர் நான் சொன்ன அளவுக்கே ஏறுகிறது. கடைக்காரனைக் கூட்டிவந்து காட்டவேண்டும்.

மதியம் முழுக்கத் தறிச் சத்தம் நிற்காமல் கேட்டது. யாரும் திட்டவில்லை.

மாசி 15, ஞாயிறு

நல்ல வெயில். வேட்டி காயப்போட மாடிக்குப் போனேன். தறிச் சத்தம் நின்றது. ஜன்னலில் அவன், கறுப்புக் கண்ணாடியோடு.

"இன்னாண்ணே, ரெண்டு நாளா வெளிச்சத்தயே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"பிலிமைத் திருப்பி ஒட்டிட்டேன்" என்றேன்.

"ஓ" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். அப்புறம் தறிக்குப் போய்விட்டான்.

சாப்பிட்டியாடா என்று கேட்டிருக்கலாம்.